நாளை வா அமைச்சு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் வக்கீல் சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியும்கூட. ஐசி என்கிற அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள், பழைய கார் விற்றவர்கள், பத்திரத்தில் அப்பா பெயர் பிசகிப் போனவர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் என் மேசையைத் தாண்டித்தான் அவரிடம் போகவேண்டும். அவர் கையெழுத்துப் போடுவார். முத்திரை அடிப்பது என் வேலை. இங்கே நாங்கள் அதைச் சாப்பு என்போம். இடது கை பக்கத்தைப் புரட்டும், கட்டைவிரல் இடம் காட்டும், வலது கை இறங்கும். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கேலிப் பேரணி ஒன்று நடக்கப் போகிறது என்று முதலில் வந்து சொன்னவன் என் பள்ளிக்கூட நண்பன். காஜாங்கில் டியூஷன் நடத்துகிறான், அதனால் எங்களுக்கு அவன் வாத்தியார். நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் ஒரு கணக்காளர். கிள்ளானில் பள்ளி மேல்வகுப்பான ஆறாம் பாரம் படித்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவரையும் பொருளாதாரத்தில் கரையேற்றியவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் அப்பா முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எங்களுக்கெல்லாம் இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை டீக்கடையில் கூடி நாட்டைத் திட்டுவோம். திட்டி முடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்தப் பேரணியின் விதி எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. யாரும் கோபப்படக்கூடாது. கோஷம் கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் அரசியல்வாதிகளுக்கு நன்றி சொல்லத்தான் வரவேண்டும். வெள்ளத்துக்கு நன்றி, விலைவாசிக்கு நன்றி, கட்சி தாவியதற்கு நன்றி. இளவயதில் கோபமான பேரணிகளுக்கெல்லாம் போய்க் கண்ணீர்ப்புகையில் கண்ணெரிச்சலோடு வீடு திரும்பியவர்கள் நாங்கள். கோபப்பட்டு ஒன்றும் நடக்கவில்லை, சிரித்தாவது பார்ப்போமே என்று இருந்தது.

அங்கே ஒரு கவுண்டர் போடலாம் என்பது என் யோசனை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் வாத்தியாரைக் குறை சொல்லும் ஆசை எனக்கு இன்னும் விட்டபாடில்லை. இல்லாத ஓர் அரசாங்க அமைச்சு. பெயர், நாளை வா அமைச்சு. யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் நாளைக்கு வரச் சொல்லிச் சாப்பு அடித்துத் திருப்பி அனுப்புவது. அவ்வளவுதான். கணக்காளர் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அப்பாவின் மேசை மணியையும் மரத் தட்டையும் கழுத்துப் பட்டையையும் கொண்டுவருகிறேன் என்றாள். எண் சீட்டும் அவள் யோசனைதான். எல்லாருடைய சீட்டிலும் ஒன்பது என்றே போட்டிருக்கும். வாத்தியார் மலாயில் பதாகை எழுதினான். 'கெமெந்திரியான்', அதாவது அமைச்சு, என்ற சொல்லைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாகவும், மற்றதைச் சின்னதாகவும் எழுதினான். மேலே ஒரு சின்னம் வேறு. பார்த்தால் அசல் மாதிரியே இருந்தது.

முத்திரையை நான் செய்வித்தேன். எங்கள் அலுவலகத்துக்குச் செய்து தருகிற அதே கடையில் கொடுத்து, வட்டமாக, நடுவில் 'சிலா டத்தாங் எசோக்' என்று. தயவுசெய்து நாளை வரவும் என்று அர்த்தம். மைக்கு மட்டும் கடைக்குப் போகவில்லை. அலுவலகத்தில் பத்திரங்களுக்கென்று வைத்திருக்கும் எண்ணெய் மையில் ஒரு புட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் பட்டாலும் அழியாது, விரலால் தேய்த்தாலும் கலையாது. கேலியாக இருந்தாலும் வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அன்று காலை வாத்தியார் ஒரு காரியம் செய்தான். மேசை போட்டு, மணி வைத்து, நான் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்ததும் ஒரு படம் எடுத்தான். அதோடு தமிழில் நாலு வரி: 'ஐசி, பிறப்புப் பத்திரம், குடியுரிமை. இன்று ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் தீர்வு. கோலாலம்பூர் சதுக்கத்தில் அமைச்சின் சிறப்புக் கவுண்டர். சனிக்கிழமையும் திறந்திருக்கும்.' இதைத் தனக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டான். அவன் குழுக்களில் இருப்பவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள். எத்தனையாவது கை மாறும்போது சிரிப்பு உதிர்ந்துபோய் நாலு வரி மட்டும் மிஞ்சியது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது.

பேரணியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகாக இருந்தது. மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து சதுக்கம் வரைக்கும் கூட்டம். பச்சை மழைக்கோட்டுப் போட்ட இளைஞர்கள் கட்சி தாவும் தவளைகளாக ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒருவர் மாலை போட்டார். சில சீனப் பெரியவர்கள் சிவப்பு நாடாவும் கத்தரிக்கோலுமாக வந்து, விளக்குக் கம்பத்துக்குத் திறப்பு விழா, குப்பைத் தொட்டிக்குத் திறப்பு விழா என்று பத்தடிக்கு ஒரு முறை உரையாற்றி நாடா வெட்டினார்கள். ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா, தன் வீட்டுக்குள் வெள்ளம் வந்த உயரத்தைப் பாவாடையில் கோடு போட்டுக் காட்டி, இலவச நீச்சல் குளத்துக்கு நன்றி என்று கும்பிட்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களே உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். இந்த ஊரில் எல்லாரும் ஒரே விஷயத்துக்கு ஒன்றாகச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் கவுண்டருக்கு வரிசை மரத்தடியைச் சுற்றிப் போனது. மின்கட்டண ரசீது, வாகனச் சம்மன், குழந்தை கிறுக்கிய படம், கல்யாணச் சான்றிதழ் நகல் என்று எதையெதையோ கொண்டுவந்தார்கள். கணக்காளர் மணியை அடித்து "நம்பர் ஒம்பது" என்று கூப்பிட வரிசையில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவன் தன் தெருப் பள்ளத்துக்குப் பிறந்தநாள் வருகிறது என்று விண்ணப்பம் கொடுத்துத் தேம்பி அழுதான். நான் முகத்தை ஆட்டாமல் காகிதத்தைப் புரட்டி, இடம் பார்த்து, சாப்பு அடித்து, "நாளைக்கு வாங்க" என்பேன். கூட்டம் கைதட்டும். வாத்தியார் படம் எடுப்பான். பத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலைக்கு முதன்முதலாகக் கைதட்டல் கிடைத்த நாள் அது. தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

இரண்டு மணி இருக்கும். ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். நீலச் சுடிதார், தோளில் துணிப்பை, கையில் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் கோப்பு. பக்கத்தில் ஒரு பெண், பதினேழு வயதிருக்கலாம், கையில் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கிள்ளான்லேருந்து வரோம்" என்றார் அந்த அம்மா. "பிள்ளைக்கு ஐசி இல்ல. வளர்த்த பிள்ளை. பெத்தவ இப்ப உயிரோட இல்ல. அவ எழுதிக் குடுத்தது இதுல இருக்கு. பதினெட்டு முடியறதுக்குள்ள மனு குடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க."

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இவர் நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். பள்ளத்துக்கு அழுதவனைவிட இவர் தேவலை, மிகையே இல்லை என்று ரசித்தேன். கோப்பைத் திறந்து வைத்தார். இடது கை புரட்டியது. கட்டைவிரல் இடம் காட்டியது. வலது கை இறங்கியது.

அவர் தலையைச் சாய்த்துச் சாப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நாளைக்கா? நாளைக்கு ஞாயிறாச்சே. எத்தன மணிக்கு வரணும் அண்ணே?"

பின்னால் வரிசை குலுங்கிச் சிரித்தது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "எட்டு மணிக்கு. இதே நம்பர எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன்னோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறார்கள் என்று எண்ணியோ என்னவோ, அவரும் சிரித்தார். "ரொம்ப நன்றி அண்ணே" என்று கும்பிட்டுக் கோப்பை மூடிக்கொண்டு போனார். அன்றைக்கு நன்றி சொல்ல வந்த அத்தனை பேரிலும் நிஜமாக நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாலைந்து பேர் வந்து போயிருப்பார்கள். கணக்காளர் மணியடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தம்மா பேப்பரப் பாத்தியா நீ?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"அது ஃபோட்டோஸ்டேட் இல்லடா. பழுப்பேறிக் கிடந்துச்சு. கீழ பெருவிரல் ரேகை. நீ அது மேலயே அடிச்சிருக்க."

நான் சாப்பைக் கீழே வைத்தேன். அவள் அப்பாவின் மேசையில் வளர்ந்தவள், அசலும் நகலும் அவளுக்குத் தூரத்திலேயே தெரியும். வாத்தியாரைக் கூப்பிட்டுச் சொன்னோம். "நடிக்க வந்தவங்கதான் லா. இல்லேன்னா யாராச்சும் ஒரிஜினலத் தூக்கிட்டு இங்க வருவாங்களா?" என்றான். எனக்கு அவனை அறையவேண்டும் போல் இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். எந்த மேசையைக் கண்டாலும் அசலைத்தான் நீட்டுவார்கள். அசல் இல்லாமல் யாரும் பேசவே மாட்டார்கள் என்று அத்தனை கவுண்டர்களும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. கிள்ளானில் கோயில் திருவிழா என்றால் கட்சிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் கூடாரம் போட்டு, மேசை போட்டு, ஐசி இல்லாதவர்களிடம் மனு வாங்குவார்கள். கூட்டம், மேசை, பதாகை, கழுத்துப் பட்டை. அவருக்கு எங்கள் கவுண்டரில் எது பொய்யாகத் தெரிந்திருக்கும்?

தேடினோம். நிலையம் வரைக்கும் ஓடினேன். தவளைகளுக்கும் நாடாக்காரர்களுக்கும் நடுவில் நீலச் சுடிதாரைத் தேடிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து, இதுவும் ஒரு வேடம் என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. பதாகையைச் சுருட்டும்போது வாத்தியார் கைபேசியைப் பார்த்து முகம் கறுத்தான். அந்த அம்மா கும்பிடுவதும், பின்னால் வரிசை சிரிப்பதும், அந்தப் பெண் சீட்டோடு நிற்பதும் அவன் எடுத்த படமாக ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. 'இன்றைய சிறந்த நடிகை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எடுத்துவிடு என்றேன். எடுத்தான். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் எட்டு மணிக்கு வரச் சொன்னவன் நான். யோசிக்க ஒன்றும் இல்லை. ஏழே காலுக்கு சுங்கை வே வீட்டிலிருந்து காரை எடுத்தேன். வழியெல்லாம் அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் அவரை எங்கே போய்த் தேடுவேன் என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

சதுக்கத்தில் நகராண்மைக்காரர்கள் சிவப்பு நாடாத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசை இருந்த மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். கோப்பு நெஞ்சோடு. அந்தப் பெண் இன்று கறுப்புக் கலரில் காலர் வைத்த சட்டை போட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். கணக்காளரும் அங்கே இருந்தாள். என்னிடம் சொல்லாமலே வந்து, பத்தடி தள்ளி நின்று, கிட்டே போகத் தைரியமில்லாமல் கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கவுண்டர் இன்னும் தெறக்கலையா அண்ணே?" என்று அந்த அம்மா கேட்டார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்று காரில் ஒத்திகை பார்த்திருந்தேன், ஆனாலும் நாக்கு குழறியது. அது அமைச்சு இல்லை அக்கா, விளையாட்டு, நாங்கள் யாரும் அதிகாரிகள் இல்லை, இப்படி இழுத்தடிக்கிறவர்களைக் கேலி செய்யத்தான் போட்டோம், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். கடைசி வார்த்தையைச் சொன்னதும் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். நான் அப்போதுதான் அதைப் படித்தேன். இன்ன மாதம் எனக்குப் பிறந்த பெண்ணை என் முழுச் சம்மதத்தோடு இன்னாருக்கு வளர்க்கக் கொடுக்கிறேன் என்று யாரோ எழுதிக்கொடுக்க, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் இடது பெருவிரலை வைத்திருந்தாள். ஒரே அடுக்குமாடியில் பக்கத்து வீடாம். மூன்று வாரக் குழந்தையாகக் கையில் கொடுத்தாளாம். நாலு வருடத்தில் காய்ச்சல் வந்து செத்துப் போனாள். அவள் அந்தப் பிள்ளையைப் பெற்றாள் என்பதற்கு உலகத்தில் இருந்தது அந்த ரேகை மட்டும்தான். அதன் மேல் பாதிக்கு என் சிவப்பு வட்டம். சுத்தமான வேலை, ஓர் எழுத்துகூட மங்கவில்லை.

அவர் விரலை எச்சில் தொட்டு லேசாகத் தேய்த்துப் பார்த்தார்.

"அழியாதா?"

"அழியாதுக்கா."

"நீங்க சாப்பு அடிச்ச விதத்துலதான் நான் நம்பினேன்" என்றார். "பேரையெல்லாம் நான் எங்க படிச்சேன்? அந்தக் கை வேகத்தப் பாத்துட்டு, இவரு ஆபீசருதான்னு நெனச்சிட்டேன்." தாளைக் கோப்பில் திருப்பி வைத்தார். பிறகு குரல் ஏறியது. "சிரிக்கிறதுக்கு வேற பேப்பர் கெடைக்கலையா உங்களுக்கு? ஒரு தடவ, இது என்னம்மான்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

நான் தலையைத் தூக்கவில்லை. அவர் நேற்றே சொல்லியிருந்தார். அதை நடிப்பென்று நான் ரசித்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தை இன்று வரைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்காளர் அவரைக் குடிக்க ஏதாவது வாங்கித் தருகிறேன் என்று எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பெண் போகவில்லை.

"எனக்கு நேத்தே தெரியும் அங்கிள்" என்றாள். "கோமுட்டர் ரயில்ல திரும்பிப் போறப்ப ஃபோன்ல எங்க படம் வந்துச்சு. என் ஃப்ரெண்ட்தான் அனுப்பினா."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அம்மா வழியெல்லாம் நாளைக்கு எந்தச் சட்ட போடப் போறன்னு கேட்டுட்டு வராங்க. ஐசிக்குப் படம் எடுத்தாலும் எடுப்பாங்க, காலர் வெச்சது போடுன்னு." சட்டையின் காலரை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். "நீங்க வரமாட்டீங்க, இங்க ஆள் இல்லேன்னு அம்மாவே பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு நெனச்சேன்."

"வந்துட்டேனே" என்றேன். அவள் எதிர்க்கடைப் பக்கம் பார்த்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

திங்கட்கிழமை நடந்ததை வக்கீலிடம் சொன்னேன். மையை எடுத்ததையும் சேர்த்து. அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். இதற்கு ஒரே வழி, அந்த முத்திரை எப்படி வந்தது என்று அடித்தவனே சத்தியப் பிரமாணம் எழுதித் தருவது என்றார். நான் மற்றவர்களுக்காக எத்தனையோ எழுதியிருக்கிறேன். வாசகம் எல்லாம் மனப்பாடம். என் பெயரைப் போட்டு, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் மேற்படி ஆவணத்தின் மீது நான் என்று வரைக்கும் வேகமாக ஓடியது. அதற்கு மேல் நின்றுவிட்டது. எதற்காக? மலாயில் 'கேலிக்காக' என்று எழுதினேன். வேறு சொல் போடலாமா என்று பார்த்தேன். தவறுதலாக, கவனக்குறைவாக. எல்லாம் உண்மைதான், ஆனால் நடந்தது கேலி என்பதை எதுவும் மறைக்கவில்லை. கேலிக்காக என்றே விட்டுவிட்டேன்.

வக்கீல் என்னை மேசைக்கு அந்தப் பக்கம், வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நிற்கச் சொன்னார். வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மற்றவர்களிடம் நாங்கள் இதை அரை நிமிடத்தில் முடிப்போம். எனக்கு அவர் அவசரப்படவில்லை. கையெழுத்துப் போட்டதும் முத்திரையைத் தானே எடுத்து அடித்தார். "கொஞ்ச நாளைக்குச் சாப்ப நானே பாத்துக்கறேன். நீங்க கவர் ஒட்டுங்க" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அவ்வளவுதான்.

வாத்தியார் இதிலெல்லாம் வரவில்லை. எல்லாரும் சேர்ந்து செய்ததற்கு நான் ஒருவன் தியாகி வேடம் போடுகிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினான். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. டீக்கடைக் கூட்டம் அதோடு நின்றுபோனது.

ஷா ஆலமில் அரசாங்க அலுவலகத்துக்கு அவர்களைக் காரில் கூட்டிப்போனேன். கணக்காளர் எல்லாத் தாளுக்கும் மும்மூன்று நகல் எடுத்து, பென்சிலால் எண் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த அம்மா என்னோடு பேசவில்லை என்று சொல்லமுடியாது. வழி எது, எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் கோப்பைப் பின் இருக்கையில் வைக்கச் சொன்னபோது வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். அங்கே எங்களுக்கு வந்த எண் இருநூற்றுப் பதினொன்று. அந்தப் பெண் அதை என்னிடம் காட்டிவிட்டு முதன்முறையாக லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடி போட்ட இளம் மலாய்ப் பெண். அந்தத் தாளை எடுத்ததும் புருவத்தைச் சுருக்கினார். என் பிரமாணத்தை முழுக்கப் படித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் இந்தச் சாப்ப அடிச்சீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்."

"கேலிக்காகவா?"

"ஆமாம்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, சிவப்புக்குக் கீழே ரேகை தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம் வரவில்லை. அந்த அரை மணியில் அந்த அம்மா கவுண்டர் விளிம்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் அவருக்கு நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

திரும்பி வந்தவர் மனுவை வாங்கிக்கொள்கிறோம் என்றார். அந்த ரேகை செல்லுமா செல்லாதா என்பதை மேலே முடிவு செய்வார்கள். இன்னும் வேறு சாட்சிகள் கேட்கலாம். எத்தனை நாளாகும் என்று தன்னால் சொல்லமுடியாது, கடிதம் வரும். நான் அதைத் தமிழில் சொன்னேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அந்தச் சாப்பு இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அந்த அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது தெரியாமலேயே இருக்கப்போகிறது.

அந்த அதிகாரி பெற்றுக்கொண்டதற்கான ஒப்புச் சீட்டை எழுதி, முத்திரையை மையில் தொட்டு, ஒரு கணம் பார்த்து, அடித்தார். என்னைவிட மெதுவாகத்தான் அடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மா அந்தச் சீட்டை வெயிலில் விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இது நெஜ சாப்புதானே?"

நான் வாங்கிப் பார்த்தேன். அலுவலகத்தின் பெயர், தேதி, கீழே கையெழுத்து. வட்டத்தைச் சுற்றி இருந்த ஒவ்வோர் எழுத்தையும் படித்தேன்.

"நெஜம்தான் அக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். சீட்டை என் கையிலிருந்து வாங்கி மகளிடம் நீட்டினார்.

"நீ படி" என்றார்.